ரயில் வராத ஊர்

"ரயிலே வராத ஊர்ல ஒரு வாரம் உட்கார்ந்துக்கிட்டு நான் என்ன நத்தை பொறுக்கவா? முடியாதுன்னா முடியாது!" கிராட்கி மேசையில் குத்தியதில் சீட்டுக்கட்டு சரிந்து தரையெல்லாம் ராணிகளும் ராஜாக்களுமாகக் கிடந்தார்கள்.

"கத்தாதீங்க ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா. இது என் வீட்டு அடுப்படி, உங்க பிளாட்ஃபாரம் இல்ல," என்றாள் எர்னா.

"அம்மணி, நான் கிரெம்ஸ்னு சொன்னேன். ரயில் இருக்கு, பஸ் இருக்கு, ஆத்துல படகு இருக்கு. பகல்ல எந்த ஊருக்கு வேணா போய்க் குடிக்கலாம், பொழுது சாய்ஞ்சா வந்து படுக்கலாம். குடிக்கிறவனுக்குப் போற வழி முக்கியமில்ல, திரும்பி வர்ற வழிதான் முக்கியம். நீங்க சொல்ற ஹாஸ்பாக்ல என்ன இருக்கு? ஒரு சர்ச். ஒரு தண்டவாளம், அதுலயும் புல்லு முளைச்சிருக்கு!"

"பச்சையா இருந்தா கண்ணுக்கு நல்லதுதானே. உங்க கண்ணுக்கு."

அந்தக் கடைசி வார்த்தை தேவையில்லாதது. போன வருஷம்வரை இந்த மூவரும் செப்டம்பர் பிறந்தால் கிராட்கியின் காரில்தான் புது ஒயின் குடிக்கத் திராட்சை விளையும் ஊர்ப்பக்கம் போய்வந்தார்கள். வேலைக்காலம் முழுவதையும் ரயிலோடு கழித்தவர், லீவு கிடைத்தால் ரயில் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். வசந்தகாலத்தில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, இனி ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். கார் மருமகனிடம் போய்விட்டது. இப்போது, கார் இல்லாமல் எந்த ஊரில் தங்குவது என்பதுதான் வழக்கு.

மூன்றாவது ஆள் வில்மா. வியன்னாவின் ஃபவோரிட்டன் பேட்டையில் இவர்கள் மூவரும் குடியிருந்த கட்டிடம் முழுக்க அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். காலஞ்சென்ற கணவர் மாட்டு டாக்டர். வில்மா ஒரு பூனைக்குக்கூட மருந்து கொடுத்ததில்லை, ஆனால் யாரையும் திருத்தியதும் இல்லை. யார் வீட்டில் எப்போது விளக்கு அணைகிறது, யார் வீட்டுக்கு மெத்தை வந்து இறங்கியது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் மனதில் இருந்த ஊர் ரெட்ஸ். பெரும்பாலான ரயில்கள் அங்கேயே நின்றுவிடும், குடித்துவிட்டுத் தூங்கினாலும் ஊர் தாண்டிப் போய்விடமாட்டோம் என்று நேற்றுவரை நியாயம் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது எர்னாவின் முகத்தைப் பார்த்ததும் ரெட்ஸை மறந்தாள்.

ஏனென்றால் ஹாஸ்பாக்கிலிருந்து மேட்டைத் தாண்டினால் ராஸிங். அங்கே திராட்சைக்கார ஷ்டைண்டல் வீட்டில்தான் எர்னாவின் ஒரே மகள் பிர்கிட் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணத்தன்று சம்பந்தி அலோயிஸ், மகன் பிறந்த வருஷத்து ஒயினை, அன்றைக்கென்றே நிலவறையில் காத்து வைத்திருந்ததை, எல்லோருக்கும் ஊற்றினார். எர்னா தன் கோப்பையில் தாராளமாக சோடாவைக் கலந்துகொண்டாள். அது தன் ஒயினுக்கே அவமானம் என்று அலோயிஸ் எழுந்து வந்து அவள் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கி, ஊர் பார்க்க ரோஜாச் செடிக்கு ஊற்றினார். எர்னா தன் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆறு வருஷம் ஆகிறது. பிர்கிட் அம்மாவின் போனை எடுப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதில் கையெழுத்து மட்டும் இருக்கும்.

மகளைப் பார்க்க வேண்டுமென்றால் நேரே ராஸிங்குக்கே போகலாமே? வேண்டாமென்றால் பக்கத்து ஊரில் போய் எதற்கு ஒரு வாரம்? வில்மாவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"நானும் ஹாஸ்பாக்தான்," என்றாள்.

"நீங்களுமா டாக்டரம்மா!" என்று கிராட்கி குனிந்து ராணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஹாஸ்பாக் அவர் சொன்னதைவிட மோசமாக இருந்தது. பக்கத்து டவுன் ஸ்டேஷனில் இறங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஓடும் பஸ்ஸில் மூட்டை முடிச்சோடு நின்றுகொண்டே வந்தார்கள். பிள்ளைகள் வீடு திரும்பியபின் அந்த பஸ்ஸும் கிடையாது. விடுதிக்காரி ஹில்டெ காபியை வைத்துவிட்டு, "பயப்படாதீங்க," என்றாள். "கூப்பிட்டா வர்ற வண்டி இருக்கு. இந்த நம்பர்ல எங்க நிக்கிறீங்கன்னு சொன்னாப் போதும். யார் கூப்பிட்டாலும் வந்துதான் ஆகணும், அது பஞ்சாயத்து வண்டி."

"யார் ஓட்டுறா?" வில்மாவுக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

"ரெண்டு மூணு பேர். சாயங்காலமானா ராஸிங் பொண்ணு. ஷ்டைண்டல் வீட்டு மருமக. ஒயினை மட்டும் நம்பி இப்ப யார் குடும்பம் நடத்த முடியுது?"

வில்மா மெதுவாகத் திரும்பி எர்னாவைப் பார்த்தாள். எர்னா சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள், சர்க்கரை போடாத காபியில்.

எர்னா இதை முன்பே விசாரித்து வைத்திருக்கிறாள். அம்மா கூப்பிட்டால் எடுக்காமல் இருக்கலாம். பயணி கூப்பிட்டால் வந்துதான் ஆகவேண்டும். ரயிலும் பஸ்ஸும் உள்ள ஊரில் தங்கினால் வண்டியைக் கூப்பிட என்ன சாக்கு? வில்மாவுக்குப் பொறாமையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் அடுத்தவர் கதையைக் கிளறியும் தனக்கு இப்படி ஒன்று தோன்றவில்லையே.

மாடிக்குப் போனதும் எர்னா அவள் கையைப் பிடித்தாள். "கண்டுபிடிச்சிட்டீங்க, தெரியுது. அவகிட்ட ஒரு வார்த்தை விடக்கூடாது. என் மேல ஆணையா. வேவு பாக்க வந்தேன்னு ஆயிடும். அவளா பேசணும். பேசலைன்னா, பாத்துட்டாவது போவேன்."

அன்று சாயங்காலம் வெள்ளை வேன் வந்து நின்றது. கதவைத் திறந்த பிர்கிட்டின் முகம் ஒரு கணம் வெளுத்தது.

"வணக்கம். எங்க போகணும் மேடம்?"

"ஓடைக்கு அந்தப்பக்கம், எங்க பச்சைக்கிளை தொங்குதோ அங்க," என்று எர்னா முன் ஸீட்டில் ஏறிக்கொண்டாள்.

திராட்சைக்காரர்கள் வீட்டு முற்றத்தில் தங்கள் ஒயினைத் தாங்களே விற்பார்கள். வருஷத்தில் சில வாரம்தான், ஒருவர் மாற்றி ஒருவர். வாசலில் கிளைக்கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். எர்னா தினமும் முந்தின நாளைவிடத் தூரமான கிளையாகத் தேடிப் பிடித்தாள். கிராட்கி நுரை தள்ளும் புது ஒயினைக் குடித்து, கொழுப்பு தடவிய கறுப்பு ரொட்டியைத் தின்று, கிரெம்ஸில் ரொட்டி இன்னும் கனமாக இருக்கும் என்று புலம்பினார். வில்மா பின் ஸீட்டிலிருந்து டிரைவரின் கண்ணாடியில் தெரிந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பேச்சென்று பார்த்தால் ஒன்றுமில்லை. "ஜன்னலை மூடவா மேடம்?" "வேண்டாம்." "பெல்ட் மாட்டிக்குங்க மேடம்." ஒருமுறை எர்னா, "கட்டைவிரல்ல என்ன கட்டு?" என்று கேட்டுவிட்டாள். "அறுவடை. கத்திரி பட்டுடுச்சு." அவ்வளவுதான். ஆனால் மறுநாள் திரும்பும்போது பிர்கிட் மேட்டுப்பாதையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டினாள். இறங்கியதும் கிராட்கி, "இந்தப் பொண்ணுக்கு வழி தெரியல," என்றார். வில்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வாரம் முடிந்தது. பிர்கிட் பேசவில்லை. கடைசி நாள் காலையில் எர்னா வழக்கத்தைவிட அழுத்தமாகத் தலை வாரிக்கொண்டாள். கண்ணாடியைப் பார்க்காமலே வாரிக்கொண்டாள். வில்மாவுக்கு அதைப் பார்த்து முதல்முறையாக வேடிக்கை பார்க்கப் பிடிக்காமல் போயிற்று.

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட வேன் வந்தது. வழக்கமாகக் காலையில் ஓட்டும் ஆள் வரவில்லை, பிர்கிட்டேதான் வந்தாள். எர்னா இன்னும் மாடியில். பிர்கிட் பெட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். கார் இல்லாதவங்க கிரெம்ஸுக்குப் போவாங்க, ரெட்ஸுக்குப் போவாங்க. இந்த ஊர்ல வந்து யாரும் தங்கி நான் பாத்ததில்ல. ஹாஸ்பாக்னு யார் சொன்னது?"

ஆணை ஆணைதான். வில்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "ஸ்டேஷன் மாஸ்டர் கிரெம்ஸ்தான் கேட்டாரு. ரொம்பக் கத்தினாரு."

"நீங்க?"

"எனக்கு ரெட்ஸ்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா, நாங்க மூணே பேர்தானே."

பிர்கிட் வேனின் பின்கதவைச் சாத்திய சத்தத்தில் ஹில்டெ ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

ஊரெல்லையில் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஸ்டேஷன். வேன் வலது பக்கம் திரும்பியது.

"ஸ்டேஷன் அந்தப்பக்கம்!" என்றார் கிராட்கி.

"தெரியும்."

"ரயில் போயிடும் தாயே! என் ஆயுசுல ஒரு ரயிலைத் தவறவிட்டதில்ல நான்!"

"இன்னைக்குத் தவறவிடுங்க."

எர்னா முன்னால் பார்த்தபடியே மெதுவாக, "நான் ஸ்டேஷனுக்குத்தானே சொன்னேன்," என்றாள்.

"வாரம் பூரா நீ சொன்ன இடத்துக்கெல்லாம் ஓட்டினேன்ல? இன்னைக்கு நான் சொல்ற இடத்துக்கு வா." அந்த 'மேடம்' வழியில் எங்கேயோ இறங்கிப் போயிருந்தாள்.

ராஸிங் சரிவில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அலோயிஸ் வாளியோடு நிமிர்ந்தார். சம்பந்தியைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். அறுவடைச் சமயத்தில் அங்கே யார் வந்தாலும் நாற்காலி போடமாட்டார்கள், பாதிரியாரே வந்தாலும் சரி.

"கத்திரி குடு," என்றார் மகனிடம். "மூணு பேருக்கும்."

எர்னா ஊருக்குப் போகும் நல்ல கோட்டோடு கொடிவரிசைக்குள் நுழைந்தாள். வில்மா அலோயிஸுக்கும் எர்னாவுக்கும் நடுவரிசையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், காது இரண்டு பக்கமும் எட்டவேண்டுமே. கிராட்கி கண் சரியாகத் தெரியாமல் இலைகளையும் சேர்த்து வெட்டினார். மதியம் சாப்பாட்டுக் கூடை வந்தது. அலோயிஸ் ஒரு குவளையில் ஒயினை ஊற்றி, பாட்டிலைத் திறந்து சோடாவை நிறைய ஊற்றி, ஒரே மூச்சில் குடித்தார்.

"அது என்ன?" என்றாள் எர்னா.

"சோடா."

"எந்த ஒயின்ல?"

"என் ஒயின்லதான்."

"ஓஹோ!"

"என்ன ஓஹோ? வெயில்ல தாகத்துக்குக் குடிக்கிறது வேற. மகன் பொறந்த வருஷத்து ஒயின்ல ஊத்துறது வேற!"

"எனக்கு அன்னைக்கும் தாகம்தான்! ஜூலை மாசம் கம்பளிக் கோட்டு போட்டு நின்னேன்!"

"அது என்ன ஒயின்னு பாத்து ஊத்தவேணாமா?"

"எப்படிப் பாக்குறது? பாட்டில்ல ஒரு லேபிள்கூட இல்ல! எங்க வியன்னாவில லேபிள் இல்லாத பாட்டில்னா மலிவுச் சரக்கு. பாவம், பெரிய கல்யாணம், செலவு கட்டுப்படியாகலை போலன்னு நினைச்சு, சோடா விட்டு உங்க மானத்தைக் காப்பாத்தினேன்!"

"லேபிள் விக்கிறதுக்குத்தான் ஒட்டுவாங்க," என்றார் அலோயிஸ். "விக்கமாட்டேன், வீட்டுக்குன்னு வெச்சதுக்கு எவன் ஒட்டுவான்? சின்னப் பிள்ளைக்குத் தெரியும்!"

"நான் சின்னப் பிள்ளை இல்ல, போஸ்டாபீஸ் கவுண்டர்ல இருந்தவ! லேபிள் இல்லாம ஒரு பார்சலை நான் தொடமாட்டேன்!"

"ஆறு வருஷமா," என்று பிர்கிட் இருவரையும்விட உரத்துக் கத்தினாள், "ஆறு வருஷமா இதைச் சொல்ல வாய் இல்லையா உனக்கு?"

"நீ போனை எடுத்தாத்தானேடி!"

சரிவு முழுக்க வேலை நின்றுபோயிருந்தது. பிர்கிட் அம்மாவின் கோட்டில் ஒட்டியிருந்த திராட்சைத் தோலை நகத்தால் சுரண்டி எடுத்தாள். எடுத்த பிறகும் கையை அங்கிருந்து எடுக்கவில்லை. எர்னா அசையாமல் நின்றாள். அலோயிஸ் இன்னொரு குவளையில் ஒயினை ஊற்றி, சோடாவையும் ஊற்றி, எர்னாவின் பக்கம் நீட்டினார். "சோடாவைக் கொஞ்சம் கம்மியா ஊத்தக்கூடாதா, மனுஷன் குடிக்கவேணாமா?" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த ரயில்..." என்று ஆரம்பித்தார் கிராட்கி. அந்த வரிசை முடியட்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

மறு வருஷம் கிராட்கி பிடிவாதமாகத் தனியாகக் கிரெம்ஸ் போனார். அங்கே படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் ஒரு விதவையைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். படகு எப்போது கிளம்ப வேண்டும் என்பதில் இருவருக்கும் நித்தம் சண்டை என்று கேள்வி. எர்னா வியன்னா வீட்டைக் காலி செய்தாள். ராஸிங்குக்குப் போகவில்லை, "அந்தக் கிழவரோட ஒரே கூரைக்குக் கீழயா?" என்று ஹாஸ்பாக்கில் ஹில்டெ வீட்டு மாடியில் குடியேறினாள். அவள் காலி செய்த வீட்டுக்குக் கிராட்ஸ் நகரத்திலிருந்து இளம் ஜோடி ஒன்று வந்திருக்கிறது. கல்யாணம் ஆனவர்களா இல்லையா என்று வில்மாவுக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை.