கூரையில் ஒற்றைக் குமிழி

நவம்பரில் அமெரிக்காவின் மேற்கே எங்கள் ஓரிகன் கடற்கரையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல மழை விட்டால் எனக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடைக்காது. காருக்குப் பின்னால் பூட்டி ஊர் சுற்ற வாங்கிய டிரெய்லரிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் இங்கே ஏராளம். அத்தனை பேருக்கும் அந்த மூன்று நாளில்தான் கூரை ஞாபகம் வரும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கூரைகளில் ஏறி ஓட்டை அடைக்கிறேன். என் கைக்குத் தப்பிய ஓட்டை கிடையாது என்று பீற்றிக்கொள்வேன். அந்த வியாழக்கிழமைக்கு முன்பு வரை.

ஓடெல் டிரெய்லர் வாசலிலேயே காத்திருந்தான். மர ஆலையில் வேலை. அவன் மனைவி ஜூனி, சிப்பி உடைக்கும் கொட்டகையில் இரவு ஷிப்ட். மத்தியானம் தூங்கி எழுந்துதான் வேலைக்குப் போவாள். கதவில் சாய்ந்து நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"ரோண்டாக்கா, எப்படியாவது அடைச்சுக் குடு. கட்டில் மேல சொட்டு சொட்டுன்னு விழுது" என்றான் ஓடெல். "பூஞ்சக் காத்தாலதான் இவளுக்குத் தலைவலி. இன்னும் ஒரு நாள் லீவு போட்டா சீட்டக் கிழிச்சுடுவேன்னு மேஸ்திரி சொல்லிட்டான்."

"தலைவலின்னா சும்மா இல்லக்கா" என்றாள் ஜூனி. "மண்டையே பொளந்துடும். வெளியில வந்து கொஞ்ச நேரம் நின்னா விட்டுடும்."

அவர்கள் நாய் ஓடெலின் லாரிக்கு அடியில் ஈரத் தரையில் படுத்திருந்தது. "உள்ள கூப்பிட்டா வர மாட்டேங்குது, ரெண்டு வாரமா" என்றான் ஓடெல். "திமிரு."

"உன்கூட இருக்கிறதுக்கு லாரியே மேல்னு முடிவு பண்ணிருக்கும்" என்றேன். ஜூனி சிரிக்கப் பார்த்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டை கண்டுபிடிக்க நான் தண்ணீர் ஊற்றுவதில்லை. வாசலில் மின்விசிறியைப் பொருத்தி வீட்டுக்குள் காற்றை அடைத்து, கூரை முழுக்க சோப்புத் தண்ணீர் தெளிப்பேன். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். "எரியறதையெல்லாம் அணைச்சு வெளியில வை" என்றேன். ஓடெல் ஒரு சின்ன கேஸ் கணப்பைத் தூக்கிவந்து படியோரம் வைத்தான். டிரெய்லரோடு வந்த கணப்பு கெட்டுப்போய் ஒரு மாதமாம். படிக்கடியில் காலி சிலிண்டர்கள் குவிந்து கிடந்தன. அவற்றைத் தாண்டித்தான் ஏணியில் ஏறினேன். பார்த்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாதாரணமாக இருபது இடத்தில் குமிழி வரும். இங்கே ஒரே இடம். கட்டிலுக்கு நேர் மேலே, காற்றுத் துவாரத்தின் பிளாஸ்டிக் மூடி விரிசல் விட்டிருந்தது. மற்ற மூலை முடுக்கெல்லாம் ஓடெல் பசை அப்பியிருந்தான்.

"தரையில இருந்த சந்தெல்லாம்கூட நானே அடைச்சேன். ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சாச்சு" என்று கீழேயிருந்து கத்தினான். "அந்தத் துவாரத்தையும் ஒரேயடியா மூடிடு. யாரு தொறக்கப் போறா?"

"கொஞ்சமாவது காத்து வேணாமாடா?"

"குளிர்ல எவனுக்கு வேணும் காத்து? மூடுக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மூடினேன். விரிசல் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு அலுமினியத் தகடு, எட்டு திருகாணி, சுற்றிலும் பசை. மறுபடி சோப்புத் தண்ணீர் தெளித்தேன். ஒரு குமிழிகூட இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இறங்கி உள்ளே போய்க் கூரையின் அடிப்பக்கத்தைத் துடைத்தேன். துணியில் ஈரம் மட்டும்தான், கறை இல்லை. மழைத் தண்ணீர் பலகை வழியாக இறங்கினால் தேநீர் நிறத்தில் வரும். இது கண்ணாடி மாதிரி இருந்தது. மழை விட்டு மூன்று நாளாகியும் காலையில்கூடச் சொட்டியதாம். பலகை குடித்த தண்ணீராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓடெல் கணப்பை உள்ளே வைத்துப் பற்றவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான். "இன்னிக்காவது நல்லாத் தூங்குடி" என்றான். கோடையில் பக்கத்து வீட்டில் திருட்டுப் போனதிலிருந்து ஜூனி உள்ளே இரும்புக் குறுக்குக் கம்பி போட்டுத்தான் தூங்குவாள். கம்பி விழுந்த சத்தம் கேட்டபிறகு நான் வண்டியை எடுத்தேன்.

இருபது நிமிட ஓட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. பெட்ரோல் பங்கில் காபி வாங்கி வண்டிக்குள் வைத்துக் குடித்தேன். காபி ஆவியில் முன் கண்ணாடி வெளுத்தது. பிறகு உள்பக்கமாக ஒரு துளி இறங்கியது. சுத்தமான துளி.

கண்ணாடியில் ஓட்டை ஏது?

கேஸ் எரிந்தால் நீராவி வரும். ஆவி குளிர்ந்த கூரையில் பட்டுச் சொட்டும். அந்த வீட்டில் ஒழுகியது மழையே இல்லை. போதிய காற்றில்லாமல் மூச்சு முட்டி எரியும் நெருப்பு விஷக் காற்றைக் கக்கும், அதற்கு வாசனையும் கிடையாது. வெளியில் வந்தால் விடும் தலைவலி, உள்ளே வராத நாய். பாவி, எல்லாம் என் கண்ணெதிரே இருந்தது. அவள் ஒரு மாதமாக உயிர் பிழைத்திருந்ததே அந்த ஒரு விரிசலால்தான். அதைத்தான் திருகாணி போட்டு அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூனி போனை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன். எத்தனை வேகத்தில் போனேன் என்று இன்றும் தெரியாது.

நாய் கதவைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. கதவைக் கடப்பாரையால் நெம்பினேன், குறுக்குக் கம்பி அசையவில்லை. ஜன்னலில் எல்லாம் ஓடெலின் பலகை. "ஜூனி! ஏய் ஜூனி!" பதில் இல்லை. ஏணியை எறிந்து சாத்தி ஏறினேன். மழையில் கூரை வழுக்கியது. முட்டிபோட்டு, இன்னும் காயாத என் பசைக்குள் கடப்பாரையைக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் என் வேலையை நானே சபித்தது அன்றுதான். ஒரு மூலை எழும்பியது. இரண்டு கையாலும் தகட்டைப் பிடித்துக் கிழித்தேன். உள்ளங்கை அறுபட்டது. சூடான ஆவி முகத்தில் அடித்தது.

கட்டிலில் அவள் மல்லாந்து கிடந்தாள். உதடு செக்கச் சிவந்திருந்தது. கையை விட்டேன், எட்டவில்லை. மழை என்னைத் தாண்டி நேராக அவள் முகத்தில் விழுந்தது. "எந்திரிடி! எந்திரிச்சுத் தொலைடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை. நான் அழுதுகொண்டே கத்தினேன்.

அவள் இமை துடித்தது. கை மெல்ல எழுந்து, நெற்றியிலிருந்த தண்ணீரைத் துடைத்தது.

"அக்கா..." குழறினாள். "மறுபடி ஒழுகுது."

"ஒழுகட்டும்டி" என்றேன். "நல்லா ஒழுகட்டும்."