நாலாவது டிக்கெட்

செஞ்சியில் யார் குடும்பத்தோடு தீம் பார்க்குக்குக் கிளம்பினாலும் முதல் போன் இலியாஸுக்குத்தான் வரும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வேன் ஸ்டாண்டில் அவனுடைய பதினெட்டு சீட் வேன் நிற்கும். எட்டு வருடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மகளிர் குழு, கல்யாணமான புதுசுகள் என்று நாற்பது தடவைக்கு மேல் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பார்க்குக்கு வண்டி ஓட்டியிருக்கிறான். வாடகை பேசும்போதே யோசனையும் இலவசமாக வரும்.

"சனி ஞாயிறு வேணாம்ணே. லீவு நாளு வேணவே வேணாம். ஒரு ராட்டினத்துக்கு முக்கா மணி நேரம் க்யூவுல நிப்பீங்க. டிக்கெட்டை முன்னாடியே போன்ல போட்டுருங்க. கேட்டு தொறக்கறதுக்கு அரை மணி முன்னாடி அங்க இருக்கணும். மொதல்ல சுத்தற ராட்டினம், அப்புறம் சாப்பாடு, கடைசியாத்தான் தண்ணி. தண்ணியில எறங்க காட்டன் துணி ஆவாது, நைலான் எடுத்துக்குங்க. மாத்துத் துணி ஆளுக்கு ஒண்ணு. சின்னப் புள்ளைங்க கையில உங்க போன் நம்பரை எழுதிருங்க."

கேட்பவர்கள் அவன் அந்தப் பார்க்கிலேயே வேலை பார்த்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் இலியாஸ் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. ஆட்களை இறக்கிவிட்டு, பார்க்கிங்கில் வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு, மற்ற டிரைவர்களோடு பேசி, தூங்கி, சாயங்காலம் தலையை எண்ணி ஏற்றிக்கொண்டு வருவான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பி வரும்போது சீட்டுகளில் பேசிக்கொள்ளும் பேச்சிலிருந்து பொறுக்கியது. யார் எங்கே வழுக்கி விழுந்தார்கள், யாருக்குக் குமட்டியது, யார் செருப்பைத் தொலைத்தார்கள் என்று எல்லாம் அவன் காதுக்கு வந்துவிடும்.

தை மாதத்தில் ஒரு நாள் அவன் மனைவி பர்வின், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஊர்ல இருக்கறவங்க எல்லாம் உங்க வண்டியில போயிட்டு வந்துட்டாங்க. நாம எப்போ?"

அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. அதனால்தான் அவனுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. பிள்ளைகளின் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா. மறுநாள் அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் லீவு. "திங்கக்கிழமை போலாம்" என்றான்.

பர்வின் உடனே வேலையில் இறங்கிவிட்டாள். நைலான் துணி வாங்கிவந்து, தனக்கு முழங்கால் வரை ஒரு அங்கியும் கால்சட்டையும், பிள்ளைகள் இருவருக்கும் கிளிப்பச்சையில் ஒரே மாதிரி உடுப்பும் தைத்தாள். கூட்டத்தில் பிள்ளைகளைச் சட்டென்று அடையாளம் தெரிய ஒரே நிறம் நல்லது என்று இலியாஸ்தான் சொல்லியிருந்தான். உசைருக்குப் பதினொரு வயது. மிஸ்பாவுக்கு ஆறு.

திங்கட்கிழமை விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் கிளம்பினார்கள். திண்டிவனம் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. ஒன்பது மணிக்கெல்லாம் பார்க்கிங்கில் நுழைந்தபோது திண்டிவனத்து டிரைவர் பீமாராவ் அங்கே ஏற்கெனவே துண்டை விரித்துக்கொண்டிருந்தான். வண்டியில் நாலே பேர் இருப்பதைப் பார்த்து, "இன்னா பாய், இன்னிக்கு சொந்த சவாரியா?" என்று சிரித்தான்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், வேனிலேயே உட்கார்ந்து தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். "வயிறு முட்டத் தின்னாதே, சுத்தற ராட்டினத்துல ஏறணும்" என்று உசைரை இலியாஸ் அடக்கினான். மிஸ்பாவின் மணிக்கட்டில் பேனாவால் தன் போன் நம்பரை எழுதினான். அன்றைய உடுப்போடு இருவரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தான். "யாராவது பிரிஞ்சு போனா, உள்ள ஒரு மணிக்கூண்டு இருக்குது. அங்க வந்து நிக்கணும். இன்னா?" என்றான். இருவரும் தலையாட்டினார்கள்.

கேட்டருகே பர்வின் அவன் போனை வாங்கி டிக்கெட்டைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"ஏங்க, மூணுதான் இருக்குது."

"ஆமா. உனக்கு ஒண்ணு, புள்ளைங்களுக்கு ரெண்டு."

"உங்களுக்கு?"

"நான் எதுக்கு? வண்டியைப் பாத்துக்கணும் இல்ல?"

"வாட்ச்மேன் இருக்காரு. பூட்டு இருக்குது."

"அதெல்லாம் எனக்கு ஒத்துக்காது பர்வின். நீங்க போயிட்டு வாங்க."

அவனுக்கு எது ஒத்துக்காது என்று அவளுக்குத் தெரியும். இலியாஸால் அடுத்தவன் ஓட்டும் வண்டியில் உட்கார முடியாது. வேலூரில் ஒரு கல்யாணத்துக்கு மச்சான் காரில் போனபோது, அவலூர்பேட்டை வருவதற்குள் வியர்த்துக் கொட்டி, இறங்கிப் பஸ்ஸில் வந்தவன் அவன். பஸ்ஸிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தான். ஸ்டியரிங் கையில் இல்லையென்றால் அவனுக்கு உயிர் நிலைகொள்ளாது.

பர்வின் வாதாடவில்லை. பிள்ளைகளை அவன் கையில் கொடுத்துவிட்டு நேரே கவுண்டருக்குப் போனாள். ஒரு டிக்கெட்டோடு வந்தாள். "ராட்டினத்துல ஏறவேணாம். கூட நடந்து வாங்க. போதும்" என்றாள்.

உள்ளே போன பிறகு இலியாஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எட்டு வருடமாக அவன் மனதுக்குள் கட்டி வைத்திருந்த பார்க் வேறு, இது வேறு. இடது பக்கம் இருக்கும் என்று நினைத்தது வலது பக்கம் இருந்தது. பக்கத்தில் இருக்கும் என்று நினைத்த கப்பல் ஊஞ்சல் கடைசி மூலையில் இருந்தது. மணிக்கூண்டு மட்டும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. "நாப்பது தடவை வந்த ஆளு பின்னாடி வராரு" என்று சொல்லி, வாசலில் கொடுத்த வரைபடத்தைப் பார்த்துப் பர்வின் முன்னால் நடந்தாள்.

கூட்டம் இல்லை. அந்த விஷயத்தில் அவன் சொன்னது சரியாகவே இருந்தது. உசைர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தான். மூன்றாவது ராட்டினத்தில் மிஸ்பாவை ஒரு அளவுகோல் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். இரண்டு விரற்கடை குறைந்தது. "இந்தப் பாப்பா ஏறமுடியாது சார்" என்றார் ஊழியர். அடுத்ததிலும் அப்படித்தான். மிஸ்பாவின் உதடு துடித்தது.

"அத்தா, நீ சொல்லவே இல்லியே?"

இலியாஸ் யோசித்துப் பார்த்தான். உயரத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் யாரும் வண்டியில் பேசியதில்லை. ஏமாந்துபோன சின்னப் பிள்ளைகள் எல்லாம் திரும்பும்போது மடியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். வீட்டிலேயே சுவரில் நிற்கவைத்து அளந்து, எதில் ஏறலாம், எதில் கூடாது என்று குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு பொம்மைக் கார் ராட்டினம் இருந்தது. பெரியவர் ஒருவரும் கூட உட்காரலாம் என்றார்கள். மிஸ்பா ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். முட்டி மோவாயில் இடிக்க இலியாஸ் அவள் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டான். கார் வட்டமாக ஊர்ந்தது. மிஸ்பா அந்த ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்துத் திருப்ப, "மெதுவா, மெதுவா, எதிர்ல வண்டி வருது பாரு" என்றான். "நீ சும்மா வா அத்தா" என்றாள் அவள். நாலு தடவை சுற்றினார்கள்.

மதியம் உள்ளேயே சாப்பிட்டுவிட்டு, போனையும் சாவியையும் லாக்கரில் வைத்துப் பூட்டி, தண்ணீர்ப் பக்கம் போனார்கள். பர்வினும் உசைரும் அலைக்குளத்தில் இறங்கினார்கள். இலியாஸ் மிஸ்பாவோடு குழந்தைகள் குளத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்றான். மேலே ஒரு வாளி நிரம்பி நிரம்பிக் கவிழ்ந்தது. ஒவ்வொரு தடவையும் மிஸ்பா கிறீச்சிட்டுக்கொண்டு ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

அலைக்குளத்தில் சங்கு ஊதியது. அலை கிளம்பப் போகிறது. பர்வின் எங்கே நிற்கிறாள் என்று அவன் திரும்பிப் பார்த்தான். அலை வந்து அவளை முட்டித் தள்ளியதும், அவள் உசைரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் தெரிந்தது. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான்.

திரும்பினபோது மிஸ்பா இல்லை.

குளத்தில் கிளிப்பச்சைக்குக் குறைவில்லை. எந்த ஊர்ப் பள்ளிக்கூடமோ, முப்பது பிள்ளைகள் கிளிப்பச்சை பனியனில் இறங்கியிருந்தார்கள். இலியாஸ் ஒவ்வொரு தலையாகத் திருப்பிப் பார்த்தான். வாளிக்கு அடியில், சறுக்குமரத்துக்குப் பின்னால், குழாய்ப் பக்கம் எங்கும் இல்லை. அலை இரைச்சலில் பர்வினுக்குக் குரல் கேட்காது. கையைத்தான் ஆட்டினான். அவள் உசைரை இழுத்துக்கொண்டு ஈரத்தோடு ஓடி வந்தாள்.

"கையில நம்பர் இருக்குது இல்ல?" என்றாள்.

"அழிஞ்சிருச்சு. அப்பவே பாத்தேன். தண்ணியில நிக்கல. போனும் லாக்கர்லதான் இருக்குது."

"சரி. நீங்க உசைரோட மணிக்கூண்டுக்குப் போங்க. நான் இந்தக் குளத்தை விட்டு நகர மாட்டேன். இங்க இருக்கறவங்க கிட்ட சொல்றேன்" என்றாள்.

மணிக்கூண்டில் மிஸ்பா இல்லை. இலியாஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"டி.என். பதினாறு, நாற்பத்தேழு அறுபத்தொன்று. இந்த எண்ணுள்ள வேனின் டிரைவர் உடனே தகவல் அறைக்கு வரவும்."

இலியாஸின் கை தானாக இடுப்புப் பக்கம் சாவியைத் தேடியது. "நம்ம வண்டி நம்பருதான். அது குறுக்க இருக்கறதால எவனோ அவன் வண்டியை எடுக்க முடியாம நிக்கறான்போல. இந்த நேரத்துல..." என்றான்.

உசைர் அவன் கையைப் பிடித்து உலுக்கினான். "அத்தா! மிஸ்பாதான் சொல்லியிருக்கும்!"

இலியாஸ் ஈரக் காலோடு ஓடினான். தகவல் அறையில் ஒரு பெரிய நாற்காலியில், யாரோ போர்த்திய துண்டுக்குள், பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள் மிஸ்பா. அழுத அடையாளமே இல்லை.

அங்கிருந்த பெண் சிரித்தாள். "அப்பா பேரு கேட்டா அத்தான்னு சொல்லுது. வீடு எங்கன்னா வேன் ஸ்டாண்டு பக்கத்துலன்னு சொல்லுது. போன் நம்பர் தெரியல. ஆனா வண்டி நம்பரை மட்டும் கடகடன்னு சொல்லிடுச்சு சார்."

இலியாஸ் மகளைத் தூக்கிக்கொண்டான். "ஏம்மா, எங்க போன?"

"உன்னைத் தேடித்தான் போனேன். திரும்பிப் பாத்தா நீ தெரியல. நீ வண்டிக்குப் போயிருப்பேன்னு கேட்டுக்குப் போனேன். விடமாட்டேன்னுட்டாங்க. நீ வண்டியிலதான இருப்பே?"

குழந்தைகள் குளத்துக்கு நடக்கும் வழியெல்லாம் அவன் அவளை இறக்கிவிடவே இல்லை. பர்வின் மகளைக் கண்டதும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரையும் திட்டவில்லை. மிஸ்பாவின் தலையைத் துவட்டினாள், அவ்வளவுதான்.

எல்லாரும் மாற்று உடுப்புக்கு மாறினார்கள். மணி நாலுகூட ஆகவில்லை. கிளம்பிவிடலாமா என்று பர்வின் கேட்டாள். உசைர் கப்பல் ஊஞ்சல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து அதில் ஏறவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தனியாக ஏறத்தான் அவனுக்குப் பயம்.

"வா" என்றான் இலியாஸ்.

பர்வின் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு ஒத்துக்காதே?"

"பாக்கலாம்" என்று உசைரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

கம்பியைப் பூட்டிய உடனேயே அவனுக்கு வியர்த்தது. கப்பல் மெல்ல ஆடத் தொடங்கியது. ஆட்டம் ஏற ஏற வலது கால் பலகையை அழுத்தி அழுத்தி பிரேக்கைத் தேடியது. உச்சியில் ஒரு கணம் கப்பல் அந்தரத்தில் நின்றது. கீழே பர்வினும் மிஸ்பாவும் விரல் அளவுக்குத் தெரிந்தார்கள். அப்புறம் அது இறங்கியது. இலியாஸ் கத்தினான். வெட்கமில்லாமல், அடிவயிற்றிலிருந்து, இறங்கும்போதெல்லாம் கத்தினான். பக்கத்தில் உசைரும் கத்தினான், சிரித்தான், மறுபடியும் கத்தினான்.

இறங்கியபோது அவனுக்குக் குமட்டவில்லை. மிஸ்பா கைதட்டினாள். பர்வின் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "நீங்க கத்தினது வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்" என்றாள்.

"இப்போ நீ வா" என்றான் அவன்.

கப்பலுக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் உசைர் தங்கையை உட்காரவைத்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இலியாஸும் பர்வினும் ஏறினார்கள். மேலே போகும் ஒவ்வொரு தடவையும் அவன் பெஞ்சைப் பார்த்து எண்ணினான். ரெண்டு. ரெண்டு. ரெண்டு. பர்வின் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள். இந்தத் தடவை பிரேக் ஞாபகம் அவனுக்கு வரவில்லை.

இருட்டுவதற்குள் திண்டிவனம் வந்து டீ குடித்தார்கள். பிள்ளைகள் பின்சீட்டில் தூங்கிப்போனார்கள். பர்வின் முன்சீட்டில் உட்கார்ந்து, அலை எப்படித் தள்ளியது, உசைர் எந்த ராட்டினத்தில் கண்ணை மூடினான், அடுத்த தடவை மிஸ்பா எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று செஞ்சி வரும் வரை பேசிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு, வாத்தியார் பாண்டுரங்கன் பத்துப் பிள்ளைகளை மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேனில் ஏறினார். வணக்கம் சொன்ன இலியாஸின் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"இன்னாப்பா, தொண்டை கட்டியிருக்குது? சளியா?"

"இல்ல சார். நேத்து கத்திட்டேன்" என்றான் இலியாஸ், சத்தமே வராமல். பிறகு பின்னால் திரும்பி, பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டு, வண்டியை எடுத்தான்.