ஐந்து விரல் இடைவெளி

எஞ்சின் மேசைமேல் பிரித்துக் கிடக்க, பல் டாக்டரின் பழைய கார் செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்குப் பட்டறையிலிருந்து தானாகக் கிளம்பிப் போனது. ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, கிளம்பிய இடத்திலேயே நின்றது. காற்றில்லாத நாள், தெருவும் மேடு. எதிர்க்கடை சைக்கிள்காரர், "கல்லு வைக்கலையாண்ணே?" என்று கேட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து பஞ்சர் ஒட்டினார். மெக்கானிக் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். பாதி சட்டையில்தான் போயிற்று.

நாற்பது வருஷம் ஊரார் பல்லைப் பிடுங்கி ஓய்ந்த டாக்டர், பொழுது போகாமல் அந்தக் காரைப் பிடித்தார். காரின் பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சில் ராடு இரண்டுமே முறிந்திருந்தது. அந்த மாடலைச் செய்வதை நிறுத்தி ஐம்பது வருஷம் ஆகிறது, புதுசுக்கு எங்கே போவது? மெக்கானிக் ஆறு மாதம் காயலான் கடை காயலான் கடையாக அலைந்தார். வேறு யாராவது என்றால் கிடைத்த இரண்டு ராடைப் போட்டு ஒப்பேற்றியிருப்பார்கள். இவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இடது ராடு எவ்வளவு தேய்ந்ததோ வலதும் அவ்வளவே தேய்ந்திருக்க வேண்டும் என்று பிடிவாதம்; ராடு முனையிலுள்ள பற்களை நகத்தால் ஒவ்வொன்றாக வருடிப் பார்த்துப் பதினொரு ராடைத் தள்ளிவிட்டார். இடது, தண்டவாளத்துக்கு அப்பால் ஓர் அம்மா நடத்தும் கடையில் கிடைத்தது. மூன்று மாதம் கழித்து வலது, ஆற்றுக்கு அக்கரைக் கடையில். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கீறலுக்குக் கீறல் பொருந்தியது. சீட்டு உறை தைத்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டு, "பாத்தியா, ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி!" என்றார். "ரெண்டும் துருப்பிடிச்ச கம்பி. சாப்பிட வாங்க" என்றாள் அவள். இரண்டையும் அந்தக் காரில் மாட்டினார். அவர் செய்த தப்பு இதுதான். அன்றைக்கு அது தப்பு என்று சொல்ல யாரும் இல்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியின் கனத்தைப் பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டு அளப்பார். அந்தக் கார் காலியாக நின்றால் ஐந்து விரல். மனைவி ஏறினால் ஒரு விரல் இறங்கும். எட்டு வயது மகள் ஏறினால் அரை விரல். அவள் பெயரே அவருக்கு 'அரை விரல்'தான். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்த காரில் யாரும் இல்லை. விரலை விட்டுப் பார்த்தார், நாலுதான் போயிற்று. புதன்கிழமை மூன்று. வியாழக்கிழமை இரண்டு. ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் புதுப் பின் சீட்டில் வலது ஓரத்திலிருந்து வரிசையாக மூன்று ஈரத் தடம். "என் சீட்ட யாரு நனைச்சது?" என்று முதல் நாள் சத்தம் போட்ட மனைவி, மூன்றாம் நாள் தடத்தை எண்ணிவிட்டு ஊசி நூலோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

சங்கிலி போட்டுக் கட்டினார்கள். கார் போனபின் சங்கிலி சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. ராடைக் கழற்றப் பார்த்தார், ஸ்பானர்தான் வாய் பிளந்தது, நட்டு அசையவில்லை. டாக்டருக்குச் சொல்லி அனுப்பியதற்கு, "எஞ்சின் இல்லாமலே ஓடுதா? அப்ப மைலேஜ் பிரமாதமா இருக்குமே!" என்று பதில் வந்தது. பல்லைப் பிடுங்கினவருக்கு வலி எப்படித் தெரியும்!

அதற்குப் பிறகு இரண்டு விரலுக்குக் கீழே இறங்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அகலமான அந்தச் சீட்டில் நாலு பேர் நெருக்கி உட்காரலாம். இடது ஓரம் மட்டும் காய்ந்தே இருந்தது. இடது கதவுக்கு வெளிப்பிடி கிடையாது, முலாம் பூசப் போயிருந்தது. உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். "அந்த எடம் யாருக்குங்க?" என்றாள் மனைவி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் அந்த இடது ஓரத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். இனிமேல் பட்டறைப் பக்கமே வரக்கூடாது என்று அவளுக்கு உத்தரவாயிற்று.

மறு செவ்வாய்க்கிழமை அவர் தண்டவாளம் தாண்டி அந்த அம்மாவிடம் போனார். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மா தலையில் கை வைத்தார்.

"அண்ணே, அது ஏரிக்குள்ள போன காரு. ஆளு திரும்பி வராத வண்டின்னா ரெண்டு ராடையும் ஒரே எடத்துல வைக்க மாட்டோம். ஒண்ணு இங்க, ஒண்ணு ஆத்துக்கு அந்தப் பக்கம். சேர்ந்துச்சுன்னா விட்ட எடத்தத் தேடிக் கெளம்பிரும். இத்தன வருஷமா இதான் வழக்கம். எவன் தேடிப் பிடிச்சு ஜோடி சேர்ப்பான்னு இருந்தோம்!"

"நான் சேர்த்துட்டேன்மா. எத்தன பேரு போனாங்க?"

"நாலு பேரு. மூணு பேருதான் கெடச்சாங்க. ஒரு பொம்பள இன்னும் கெடைக்கல." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலு ஆச்சே. பாப்பா எங்க இருக்கு?"

மெக்கானிக் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி நாலு இருபது. மனைவி நடுத்தெருவில் மகளின் ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தாள். "கணக்கு நோட்ட கார்லயே வச்சிட்டாளாம். நான் ஊசியில நூல் கோக்குற நேரந்தாங்க... ஐயோ, என் புள்ள..."

மெக்கானிக் ஏரிக்குப் பறந்தார். கரைச் சேற்றில் டயர் தடம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. வெளியே வந்த தடம் இல்லை. கழுத்தளவு இறங்கி, "பாப்பா! பாப்பா!" என்று கத்தினார். மூழ்கி மூழ்கித் துழாவினார். கையில் சேறுதான் வந்தது. ஐந்து மணிக்கு எப்படியும் திரும்பும், திரும்பியே ஆக வேண்டும் என்று உளறிக்கொண்டே பட்டறைக்கு ஓடி வந்தார்.

ஐந்து மணிக்குக் கார் வந்து நின்றது. கண்ணாடி முழுவதும் உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. உள்ளே சத்தமே இல்லை. இருவருக்கும் கதவைத் தொடக் கை வரவில்லை. மெக்கானிக் மண்டியிட்டுப் பின் சக்கரத்தருகே குனிந்தார். எப்போதும் போல் மூன்று பேர் மட்டும் என்றால் இரண்டு விரல். மகள் போய் அவள் இடத்தில் அந்தப் பெண் வந்திருந்தால் ஒரு விரல். இரண்டு விரலையும் விட்டுப் பார்த்தார், போகவில்லை. ஒரு விரலை விட்டார். பாதிதான் போயிற்று.

"என்னங்க, கதவத் தொறங்க!"

"இரு. அரை விரல்தான் இருக்கு."

"அப்படின்னா?"

"நாலு பேருக்கு மேல இன்னொரு அரை விரல் எறங்கியிருக்கு. பாப்பா உள்ள இருக்கா," என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

இடது கதவு உள்ளேயிருந்து திறந்தது. மகள் நோட்டை மார்போடு அணைத்தபடி இறங்கினாள். கவுனின் முதுகுப் பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "திட்டாதீங்கப்பா. கதவத் தொறக்கத்தான் போனேன். உள்ள இருந்த மூணு பேருக்கும் கை வழுக்குதாம். அந்த அத்தை வெளியவே நின்னுட்டு இருந்தாங்க, பாவம். எடம் பத்தலன்னு என்ன மடியில உக்கார வச்சிக்கிட்டாங்க." மனைவி அவளை ஓர் அடி அடித்தாள், பிறகு அள்ளிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஐந்து விரல் இருந்தது. மெக்கானிக் ஸ்பானரை எடுத்துப் போனார். நட்டு வெறும் கைக்கே சுழன்றது. இரண்டு சுற்றுச் சுற்றியவர், திரும்பவும் இறுக முறுக்கிவிட்டார். ஏன் என்று மனைவி கேட்டாள். "பிரிச்சுட்டா, பாப்பாவ மடியில வச்சிருந்தவங்க மறுபடியும் தண்ணியில போய் நிக்கணுமே" என்றார். எஞ்சின் ஏறியது, முலாம் பூசிய பிடி வந்தது, கார் டாக்டர் வீட்டுக்குப் போயிற்று. டாக்டரின் மனைவி பின் சீட்டு இடது ஓரத்தில் எப்போதும் ஒரு துண்டை மடித்து வைத்திருக்கிறார். ஈரமானால் பிழிந்து காயப் போட்டுக்கொள்கிறார். இதுவரை குறை என்று ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

மகள் இப்போது பள்ளிக்கூட பஸ்ஸில் போகிறாள். தினமும் காலையில் அவள் ஏறியதும் மெக்கானிக் குனிந்து பின் சக்கரத்தில் விரலை விட்டுப் பார்க்கிறார். அவ்வளவு பெரிய பஸ் ஒரு குழந்தைக்காக இறங்காது என்று அவருக்குத் தெரியும். டிரைவருக்கும் தெரியும். அவர் நிமிரும்வரை பஸ்ஸை எடுப்பதில்லை.