முள் போட்ட இடம்

எனக்குக் கலையெல்லாம் வராது. சிறுசேரியில் நான் பார்ப்பது, அடுத்தவர் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை. குறை சொல்லத் தெரியும், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். ஆனாலும் ஜாக்குலின் என்னை விடவில்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி. நான் பேசாமல் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

"மாமல்லபுரம் தாண்டி ஒரு தீவுடி. போன் கிடையாது, லேப்டாப் கிடையாது. கீழ விழுந்து கெடக்கறதப் பொறுக்கி ஏதாச்சும் செய்யணும், அவ்ளோதான்" என்றாள்.

"பொறுக்கறதுக்கு எதுக்குடி தீவு? எங்க தெருவுலயே ஏகப்பட்டது கெடக்குது" என்றேன்.

சொன்னேனே தவிர, போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை, அதுதான் காரணம்.

தை மாதம் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. உயிரில்லாமல் பிறந்தது. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், என் புருஷன் தீனதயாளன் வீட்டில் இந்து. ஒரே காலனிதான், ஒரே ஜனம்தான். கல்யாணத்தில் வராத வம்பு சாவில் வந்தது. கல்லறைத் தோட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்று என் அம்மா வராந்தாவில் நின்று அழுதிருக்கிறாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மதிலோரம்தான் இடம் என்று யாரோ சொல்ல, "எங்க புள்ள இன்னாத்துக்கு மதிலோரம் கெடக்கணும்?" என்று தீனாவின் மாமா சின்னராசு எகிறியிருக்கிறார். கடைசியில் தீனா, "நான் பாத்துக்கறேன், யாரும் வராதீங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனான்.

எங்கே வைத்தான் என்று அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், பெற்றவளுக்கு இடம் தெரியக்கூடாது, தெரிந்தால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள் என்பான். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அதனால் யாரும் அவனைக் குடையவில்லை. நான் குடைந்தேன். நயமாகக் கேட்டேன், அழுது கேட்டேன், தட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கேட்டேன். "நல்ல எடம் ஜெனி, வுட்டுடு" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. ஒரே ஒரு தரம் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தீவு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்களே தவிர, அது உப்பங்கழிக்கு நடுவில் ஒரு மணல் திட்டு. சவுக்கு மரங்கள், கொஞ்சம் பனை, மூங்கில் குடிசைகள். முகாமை நடத்துகிற தமிழ்ச்செல்வி எங்கள் போன்களை வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டார். உயிரோடு இருக்கிற எதையும் பறிக்கக் கூடாது. உதிர்ந்ததும் ஒதுங்கியதும் மட்டும்தான். செய்ததை எடுத்துப் போகக் கூடாது, அலைக்கு விட்டுவிட வேண்டும். இதுதான் சட்டம். அவர் பேசுவது காதில் எண்ணெய் விட்ட மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

முதல் நாள் ராவணன் மீசையைத் துரத்திக்கொண்டு திரிந்தேன். காற்றடித்தால் மணலில் உருண்டு ஓடுகிற முள்பந்து அது. அதை மடியில் சேர்க்கும்போது பின்னால் யாரோ நிற்பது போலவே இருந்தது. திரும்பினால் ஒருவரும் இல்லை. ஜாக்குலினிடம் சொல்லவில்லை. சொன்னால் வெயில் மயக்கம் என்று பாட்டிலில் தண்ணீர் குடிக்க வைப்பாள்.

மறுநாள் காலையில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் அந்தக் குவியலைப் பார்த்தேன். காய்ந்த வேலிக்காத்தான் முள், முழங்கால் உயரத்துக்கு. பக்கத்தில் ஒரு முள்மரம்கூட இல்லை. வெள்ளத்தில் ஒதுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படிக் கெட்டியாகப் பின்னிக்கொண்டிருந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கையெல்லாம் கீறல். வலித்தது, ஆனால் நிறுத்தத் தோன்றவில்லை. கடைசிக் கிளையை எடுத்தபோது கீழே மணல் லேசாக மேடிட்டிருந்தது. உள்ளங்கையை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

எழுந்தபோது மார்பு நனைந்திருந்தது. மாத்திரை போட்டு வற்ற வைத்த பால், நின்று எத்தனையோ நாளாகியிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டேன். பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்த முள்ளை எல்லாம் தண்ணீர் ஓரமாகக் கொண்டுபோய் வட்டமாகப் பின்னினேன். பசி தெரியவில்லை. உள்ளே ராவணன் மீசையைப் பரப்பினேன். செய்து முடித்தபோது எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள்.

"தொட்டிலா ஜெனிட்டா?" என்று தமிழ்ச்செல்வி மெதுவாகக் கேட்டார்.

"கூடு" என்றேன் வெடுக்கென்று.

முகாமுக்குச் சமைத்துப் போடுகிறவர் வேண்டா. கழியில் படகு ஓட்டும் எல்லப்பனின் மனைவி. டீத் தூக்கோடு வந்தவர் கூட்டைப் பார்த்தார். பிறகு தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தூக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு அந்த முள்ள எட்த்தது?"

"நான்தாங்க" என்றேன்.

"இன்னா காரியம் பண்ணிட்டம்மே! அது பச்சக்கொயந்தய பொதச்ச எடம். அக்கரல வல போடற ஒரு புள்ளயாண்டான், படகுல வச்சி இட்டாந்து பொதச்சான். இங்கன்னா நாயி வராதுன்னு. அப்பவும் மனசு கேக்காம முள்ளு போட்டு மூடினான். அமாவாசிக்கு அமாவாசி வந்து சரியா கீதான்னு பாத்துட்டுப் போறான்."

கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே படகைக் கூப்பிடுங்கள் என்றார் ஒருவர். எல்லோரும் கண்ணை மூடி அமைதியாக நிற்கலாம் என்று தமிழ்ச்செல்வி ஆரம்பித்தார். நான் அவரைக் கவனிக்கவில்லை. கூட்டைப் பிய்த்து முள்ளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு தோப்புக்கு ஓடினேன்.

வேண்டா பின்னாலேயே வந்தார். திட்டிக்கொண்டேதான் எடுத்துக் கொடுத்தார். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி இருவரும் சேர்ந்து அடுக்கினோம். அடுக்க அடுக்க எனக்கு அந்தக் குழந்தையின் மேல் பொறாமை வந்தது. வாய்விட்டுச் சொல்லக்கூடிய விஷயமா இது? ஆனால் வந்தது. அதற்கு ஓர் இடம் இருக்கிறது. முள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவன் கழியைக் கடந்து வருகிறான்.

"எல்லாரும் இப்படிப் போடுவாங்களாக்கா?" என்று கேட்டேன். கல்லறைத் தோட்டத்தில் சிமெண்டும் சிலுவையும் பார்த்து வளர்ந்தவள் நான்.

"போடாம? சின்ன உசுரு, ஆழமா தோண்ட மாட்டாங்க. முள்ளு போடாத வுட்டா நாயி நோண்டிடாது?" என்றார்.

அதற்கப்புறம் என்னால் உட்கார முடியவில்லை. தமிழ்ச்செல்வியின் பையிலிருந்து கேட்காமலே என் போனை எடுத்துக்கொண்டேன். திட்டின் மேற்கு முனையில்தான் சிக்னல் வரும் என்று எல்லப்பன் கைகாட்டினார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தீனாவைக் கூப்பிட்டேன்.

"தீனா, முள்ளு போட்டியா?"

"இன்னா முள்ளு?" என்றான்.

ஏதோ மார்க்கெட்டில் வாங்கிவரச் சொன்ன மாதிரி கேட்டான். பிறகு அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எங்க வச்ச?"

"ஜெனி..."

"உங்க மாமாவைக் கேட்டாக்கூட முள்ளுன்னா தெரியும். எங்க வச்ச, சொல்லு."

"எனக்குத் தெரியல ஜெனி" என்றான்.

அழுதுகொண்டே சொன்னான். "ரெண்டு பக்கமும் கத்திக்கினு இருந்தாங்க. துணில சுத்தி என் கைல குட்த்துட்டாங்க. எங்க இட்டுனு போனாலும் ஒருத்தர் ஏசப்போறாங்க. ஆஸ்பத்திரி கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன். வார்டுல வேல செய்யற ஒருத்தரு, குடு தம்பி, நான் நல்லபடியா பாத்துக்கறேன்னு கைய நீட்டினாரு. குட்த்துட்டேன். அடுத்த நாளே போய்க் கேட்டேன். அந்தாளு வேலய வுட்டு நின்னுட்டாரு, ஊரு தெரியாதுன்னுட்டாங்க. இன்னும் தேடிகினுதான் கீறேன்."

நான் கத்தவில்லை. அவனைத் திட்ட எனக்கு வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் "சரி, வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் செங்கல்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தீனா வந்து நின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். எங்கள் தெருவுக்குக் குறுக்கு வழியில் ஒரு காலி மனை உண்டு. எல்லோரும் அதற்குள் புகுந்துதான் போவார்கள். அதன் நடுவில் ஓர் இடத்தில் மண் கிளறிக் கிடந்தது. நாயோ பன்றியோ, ஏதோ ஒன்று கிளறியிருக்கிறது.

என் கால் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். வெறும் மண்தான்.

நிமிர்ந்தபோது தீனா அந்த இடத்தைத் தொடாமல் வேலியோரமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான், தரையைப் பார்த்தபடி, எந்த மண்ணுக்கடியில் இருக்கிறதோ என்று ஒவ்வோர் அடியாக. தை மாதத்திலிருந்து அவன் இப்படித்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நானும் அவன் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடந்தேன்.