கக்கத்தில் சேவல்

மேலப்பாளையத்து வீட்டின் புழக்கடைக் கதவைத் திறந்தாலே போதும், அந்தச் செஞ்சேவல் பறந்து வந்து தஸ்மியாவின் கெண்டைக்காலைக் கொத்தும். அறுத்துக் குழம்பு வைக்கவும் வழியில்லை. அது அவள் கணவன் முஆத், துபாயில் புது வேலை கிடைக்க வேண்டுமென்று தர்காவுக்கு நேர்ந்துவிட்டது. அதைக் கொடுக்க வேண்டிய கந்தூரி விழாவுக்கு இன்னும் மூன்று மாதம் கிடந்தது. ஊரிலிருந்தபோது அவனையே அது துரத்தியிருக்கிறது. குளியலறைக்குள் ஓடித் தாழ்போட்டவன், அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

ஒருநாள் தஸ்மியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"வாலே கரிமுடிவான், இன்னைக்கு நீயா நானான்னு பாப்போம்!"

பாய்ந்த சேவல்மேல் துப்பட்டாவை வீசினாள். இறக்கையோடு சேர்த்து அமுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அப்படியே துணி காயப்போட்டாள், கோழிகளுக்குத் தவிடு வைத்தாள். பெட்டைகளுக்கு முன்னால் சேவல் தலையைத் தொங்கப்போட்டது. பாய்ந்தபோதெல்லாம் இதே தண்டனைதான். எட்டாம் நாள் கதவு திறந்ததும் அதுவே ஒதுங்கி வழிவிட்டது.

அன்று முஆத் வீடியோவில் அழைத்தபோது, சேவலைத் தூக்கிக் கக்கத்தில் வைத்தபடியே பேசினாள்.

"ஏ புள்ள, கீழ விடு! கண்ணக் கொத்திரும்!"

"அது சும்மாதான் இருக்கு. துபாய்ல இருந்துக்கிட்டு நீங்க எதுக்குப் பின்னால போறிய?"