வீட்ஸ்கே சுருட்டாத சிகரெட்

இறால் படகில் வேலை பார்த்த காலத்தில் யெல்லேயின் வலது கையை இழுவைக் கயிறு கவ்விக்கொண்டது. மிஞ்சியது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். அன்றிலிருந்து அவனுக்கு சிகரெட் சுருட்டித் தருவது அவன் மனைவி வீட்ஸ்கேயின் வேலையானது. சாயங்காலச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் மேஜை முன்னால் உட்காருவாள். மெல்லிய தாளில் புகையிலையைப் பரப்பி, உருட்டி, நாக்கால் ஈரம் தொட்டு ஒட்டி, மறுநாளைக்கானதைத் தகர டப்பாவில் அடுக்குவாள். அவர்கள் ஊரான ஹார்லிங்கன் துறைமுகத்தில் இதைச் சொல்லி அவனைக் கேலி செய்யாத ஆளே கிடையாது.

கடை சிகரெட்டை யெல்லே தொடமாட்டான். விஷமெல்லாம் அதில்தான், வீட்டில் சுருட்டுவது வெறும் இலை என்று அடித்துப் பேசுவான். அவளும் நம்பினாள். ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறார்கள். இல்லையென்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.

இந்த வசந்தத்தில் அவன் நுரையீரலில் கட்டி என்றார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நாள் குறிக்க இருவரும் போனபோது, டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டிப் பேச ஆரம்பித்ததுமே யெல்லே எழுந்து வெளியே போய்விட்டான். எதற்கென்று சொல்லவும் வேண்டுமா? ஜன்னலுக்கு வெளியே, சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் நின்று ஊதிக்கொண்டிருந்தான்.

பாவம், அவனுக்கு வேறென்ன சந்தோஷம் இருக்கிறது, வந்தது வந்துவிட்டது, இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்றாள் வீட்ஸ்கே. டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. ஆனா கட்டியை வரவெச்சதோட புகை சும்மா இருக்கிறதில்லைங்க. இருக்கிற கட்டி வளரவும் அது துணை போகுது. நாங்க குடுக்கிற கதிர்வீச்சையும் சரியா வேலை செய்ய விடாது. இன்னைக்கு விட்டாலும் அவருக்கு நல்லதுதான்."

வீட்ஸ்கே தன் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் மஞ்சள் கறை.

அன்று சாப்பாடு முடிந்ததும் காப்பி வைத்தாள், புகையிலைப் பொட்டலத்தை எடுக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். யெல்லே பொட்டலத்தைத் தானே எடுத்துப் பிரித்தான். தாள் கிழிந்தது. இன்னொன்றை எடுத்தான். புகையிலை மேஜைவிரிப்பு முழுக்கச் சிந்தியது. வாங்கி ஒன்று சுருட்டிக் கொடுத்துவிடலாமா என்று அவள் கைகள் பரபரத்தன. இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு, கிழவி," என்றான்.

"மாட்டேன். அந்தக் கட்டிக்கு இத்தனை வருஷமா நான்தான் தீனி போட்டிருக்கேன், யெல்லே. ஆசை ஆசையா என் கையால போட்டிருக்கேன். இனிமே என்னால முடியாது."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். கட்டி என்று முதலில் கேட்டபோதுகூட அழாதவள்.

அவன் முகத்தில் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. மேஜையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ என்ன பண்ணுவே? நீ சுருட்டித் தரலைன்னா கடையில வாங்கி ஊதியிருப்பேன். தினம் ரெண்டு பாக்கெட்."

பச்சைப் பொய். அவள் சுருட்டித் தராமல் இருந்திருந்தால் கை போன வருஷமே அவன் சிகரெட்டை விட்டிருப்பான். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் சொன்ன பொய்களிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

அவன் எழுந்து, சிந்தியதை எல்லாம் வழித்து, பொட்டலத்தோடு குப்பையில் போட்டான்.

"நாளைக்கெல்லாம் கிட்ட வந்துடாதே. சிகரெட் இல்லாத எரிச்சல்ல கடிச்சு வெச்சிடுவேன்."

"கடிச்சுக்கோ," என்றாள் வீட்ஸ்கே, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "ரொம்ப நாள் இருந்து கடி."