நான்காவது கேமரா

மனிதகுலத்தின் போக்கை மாற்றும் கேள்விகளுக்கு விடை எப்போதும் மகத்தான இடங்களில்தான் பிறந்திருக்கிறது. போர்க்களங்களில், ஆய்வுக்கூடங்களில், மலையுச்சிகளில். இன்னும் வெளிவராத அந்த மடக்கு போனின் முதுகில் கேமரா மூன்றா நான்கா என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு விடை பிறந்தது புதுச்சேரி சாரத்தில், சிலம்பரசனின் ஃப்ளெக்ஸ் கடையில். விடை சொன்னவர் கண்ணையன். அந்த போனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எதிராளி செல்வகுமாரின் பேனரில் இருக்கிற போனுக்கு மூன்று கேமரா என்பது மட்டும் தெரியும்.

"எனக்கு நாலா வச்சிடு," என்றார்.

கண்ணையன், சாரம் வட்டார மக்கள் எழுச்சிப் பேரவையின் நிறுவனத் தலைவர். பேரவைக்குச் செயலாளர், பொருளாளர், கொள்கை பரப்பு அணி, மகளிர் அணி எல்லாம் உண்டு. லெட்டர் பேடில் இன்னும் இருக்கிறார்கள். மில் மூடின காலத்தில், வேலை போனவர்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதில் அவருக்கு ஒரு பெயர் வந்தது. பெயருக்கு ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. சட்டைக்குப் பின்னால் இருபது பையன்கள் வந்தார்கள். பிறகு அந்தச் செல்வகுமார் ஜேசிபி வண்டியோடும் பிறந்தநாள் பிரியாணியோடும் பொதுவாழ்வுக்கு வந்தார். பையன்கள் ஒவ்வொருவராகக் கொள்கை மாறினார்கள். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது "ஒரு மாசத்துல வந்துடறேன்" என்று அம்பத்தூருக்குப் போன மனைவி நிர்மலா, அந்தக் குழந்தை எல்.கே.ஜி. சேர்ந்த பிறகும் வரவில்லை. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. திரும்பி வர ஒரு காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆக, இந்த வருடப் பிறந்தநாளுக்குக் கண்ணையன் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. கேக் வெட்டும்போது பக்கத்தில் நாலு பேர் நிற்க வேண்டும். போன வருடம் வீட்டுக்குள் தனியாக வெட்டி, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து, வாரக் கடைசி வரைக்கும் அதையே தின்றார். பேனர் வைத்தால் ஆள் வரும் என்பது அவர் அரசியல் அனுபவம். ஆனால் சாரத்தில் பேனருக்கா பஞ்சம்? காது குத்தலுக்கும் பேனர், காலமானதற்கும் பேனர். எல்லாத் தலைவர்களும் காதில் போனை வைத்துக்கொண்டு, டெல்லியோடு பேசுவதுபோல் தூரத்தில் பார்க்கிறார்கள். எவர் காதிலும் இல்லாத போன் தன் காதில் இருந்தால்?

"தலைவரே, அது இன்னும் கடைக்கே வரலயே," என்றான் சிலம்பரசன். ஒரே உடம்பில் தலையை மட்டும் மாற்றி மூன்று கட்சிக்காரர்களுக்கு ஒரே நாளில் பேனர் அடித்துக் கொடுத்தவன் அவன். அவனுக்கே தயக்கமாக இருந்தது. "கம்பெனிக்காரனே இன்னும் காட்டல."

"அதாண்டா வேணும். வந்தப்புறம் வச்சா எவன் பாப்பான்?"

"எப்பிடி இருக்கும்னே தெரியலையே. கேமரா குறுக்கால வரும்ன்றான் ஒருத்தன். மூலையிலதான்னு சத்தியம் பண்றான் இன்னொருத்தன். பாஸ்போர்ட்டு மாதிரி அகலமா இருக்குமாம், ஒரு வீடியோல சொல்றான்."

"எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கடா. எவனையும் பகைச்சிக்க வேணாம்." கூட்டணி அமைப்பதில் கண்ணையனுக்குப் பழக்கம் இருந்தது.

போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. கையில் வைத்துக்கொள்ள எதுவும் அகப்படாததால் தன் பர்ஸையே மடித்தபடி காதில் வைத்துக்கொண்டார். விரித்து வைத்துப் பார்த்தார்கள், அப்பளம் மாதிரி இருந்தது. மடித்தே இருக்கட்டும் என்று முடிவானது.

"பேசற மாதிரி சிரிங்க தலைவரே."

"யாருகூட?"

"யாருகூடவாச்சும். அண்ணிகூட."

கண்ணையன் சிரித்தார். சிலம்பரசன் கேமராவை இறக்கினான். "இப்ப லைன் கெடைக்காத மாதிரி இருக்கு. சரி வுடுங்க, வாயை மூடிக்கினு கம்பீரமா பாருங்க."

கடைசியில், கீழே வரிசையாக வட்டத்துக்குள் வைக்கத் தம்பிகளின் போட்டோக்களைக் கேட்டான். கண்ணையன் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "நீயே பாத்துப் போடு."

சிலம்பரசன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். பழைய பேனர் ஃபைல்களைத் திறந்து, லாஸ்பேட்டைக் கல்யாணம் ஒன்றிலிருந்தும், பிள்ளைச்சாவடிக் கோயில் திருவிழாவிலிருந்தும், இன்னும் எங்கெங்கிருந்தோ பதினொரு முகங்களை எடுத்துக் 'களம் காணும் தம்பிகள்' என்று கட்டிவைத்தான்.

சந்து முனையில், அன்னக்கிளியின் டீக்கடையை ஒட்டிப் பேனர் எழுந்தது. நான்கு கேமராவுக்கும் இடம் வேண்டுமென்று போன் வளர்ந்துகொண்டே போயிருந்தது. அட்டைப்பெட்டி அளவுக்கு அது கன்னத்தை அடைத்துக்கொள்ள, தலைவருக்கு ஒரு கண்ணும் முக்கால் மூக்கும் மிஞ்சின. பெயர் இருந்த இடத்தை டீக்கடையின் தகரக் கூரை மறைத்தது.

அன்னக்கிளி டீ ஆற்றிக்கொண்டே பேனரைப் படித்தாள். "அண்ணே, மூணாவது வட்டத்துல இருக்கறவரு எங்க வூட்டுக்காரரோட சித்தப்பா இல்ல? போன மாசம்தான கண்ணீர் அஞ்சலி ஒட்னாங்க?"

கண்ணையன் கிட்டே போய்ப் பார்த்தார். சித்தப்பாதான். நெற்றியில் விபூதியோடு, களம் காணத் தயாராக இருந்தார்.

"செத்தவரே வந்துட்டாரு," என்றாள் அன்னக்கிளி. "உசுரோட இருக்கறவனுங்க எப்ப வருவானுங்க?"

"வருவானுங்க, வருவானுங்க. பொறந்தநாளுக்கு இன்னும் நாளிருக்குல்ல."

இரண்டு நாள் யாரும் வரவில்லை. ஒரு ஆடு வந்தது.

மூன்றாம் நாள் ராஜ்கமல் வந்தான். சேதராப்பட்டில் ஷிப்டு வேலை, மீதி நேரத்தில் போன்களைப் பற்றி யூடியூபில் பேசுவான். பைக்கில் போனவன் பிரேக் அடித்து, பின்னால் உட்கார்ந்திருந்த நண்பனைத் தட்டினான்.

"டேய், இது லீக்குடா!"

"என்னாடா லீக்கு? பேனருடா."

"கேமராவைப் பாரு. நாலு! எவனும் நாலுதான்னு அடிச்சி சொல்லல. சும்மா ஒருத்தன் நாலு வரைவானா? இந்த பேனர் அடிச்சவன் மச்சான் சேதராப்பட்டுல பிளாஸ்டிக் கம்பெனியில இருக்கான், தெரியுமா உனக்கு?"

அந்த மச்சான் இருந்த கம்பெனி பக்கெட்டுக்குக் கைப்பிடி செய்தது. ஆனால் ராஜ்கமலின் வீடியோவில் அதற்கு இடமில்லை. 'உற்பத்திக்கு மிக நெருக்கமான இடத்திலிருந்து' என்று அவன் சொன்னான். அன்று சாயங்காலமே அதைச் சென்னையில் ஒருவர் எடுத்துப் பேசினார். அடுத்த நாள் வெளிநாட்டு இணையப் பக்கம் ஒன்று, 'தென்னிந்தியக் கடற்கரையிலிருந்து கசிந்த படம்' என்று போட்டது. போன் தெளிவாகத் தெரிவதற்காகக் கண்ணையனின் மிச்சமிருந்த கண்ணையும் மூக்கையும் வெட்டிவிட்டிருந்தார்கள். நான்காவது கேமரா ஏன் அவசியம் என்று ஒரு நிபுணர் நாற்பது நிமிடம் விளக்கினார். செல்வகுமாரை முந்துவதற்கு என்ற காரணம் மட்டும் அந்த நாற்பது நிமிடத்தில் வரவில்லை.

சாரத்துக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிற பிள்ளைகள், வண்டியைத் திருப்பிக்கொண்டு இந்தச் சந்து முனைக்கு வந்தார்கள். கண்ணையன் டீக்கடை பெஞ்சிலிருந்து அதைப் பார்த்தார். ஏழு பேர், எட்டு பேர், பன்னிரண்டு பேர். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். துண்டைச் சரி செய்தார். பேனருக்குக் கீழே போய், பேனரில் இருக்கும் அதே கோணத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க தம்பி, வாங்க."

"அண்ணா," என்றது ஒரு பெண். "கொஞ்சம் ஓரமா நில்லுங்கண்ணா. போனு மறையுது."

நகர்ந்தார். கொஞ்சம் நகர்ந்தது போதவில்லை. இன்னும் நகர்ந்தார். அப்படியே நகர்ந்து டீக்கடை பெஞ்சுக்கே வந்துவிட்டார். அன்னக்கிளி டீ வைத்தாள்.

"கூட்டம் பரவால்ல," என்றார் அவர்.

"எனக்குப் பரவால்ல," என்றாள் அவள். அன்றைக்கு இரண்டு முறை பால் வாங்கியிருந்தாள்.

பிறந்தநாள் வந்தது. நேரு வீதியில் வாங்கிய முழுக்கை வெள்ளைச் சட்டையைப் பிரித்தார். புதுச் சட்டைக்கு ஊசி பிடுங்கி, அட்டை எடுத்து, உதறிக் கொடுப்பது நிர்மலாவின் வேலையாக இருந்தது. இந்த முறை தானே பிடுங்கினார். காலர் ஊசி கட்டைவிரலில் ஏறியது. சட்டையில் ரத்தம் படாமல் பார்த்துக்கொள்வதிலேயே கவனம் போனது.

சாயங்காலம் பேனருக்குக் கீழே ஒரு மேஜை, அதன்மேல் கேக். கேக்கில் ரோஜா நிறத்தில் 'கண்ணையன்'. எதிரே இருபது பேருக்கு மேல் நின்றார்கள். எல்லார் தலையும் மேலே நிமிர்ந்திருந்தது. கேமராக்களுக்கு நடுவில் இருந்த புள்ளி ஃபிளாஷா, மைக்கா என்று இரண்டு கோஷ்டி. அது சிலம்பரசனின் பிரிண்டர் விட்ட மைத்துளி.

அப்போது கண்ணையனின் போன் அடித்தது. நிர்மலா. கூட்டத்துக்குத் தெரியும்படி சற்று உயரமாகவே காதில் வைத்தார்.

"சொல்லு நிம்மி."

"ஏங்க, கொழந்தைக்கு ஷூ ஆர்டர் பண்ணோம். ஓடிபி உங்க நம்பருக்குப் போயிடுச்சி. டெலிவரி பையன் வாசல்ல நிக்கிறான். பாத்து சொல்லுங்க."

பார்த்தார். இருந்தது. "நாலு," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஒம்போது," என்றார். "கொழந்தை நல்லா இருக்குதா?"

"நல்லாதான் இருக்குது, நீங்க நம்பரச் சொல்லுங்க."

"ரெண்டு. கடைசியா... இரு, கண்ணாடிய எடுத்துக்கறேன். ஒண்ணு." கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது. "நிம்மி, இன்னிக்கி என்னா தேதி?"

"தேதியா? அதையும் கேக்கறானா?"

"இல்ல. சும்மாதான்."

"சரி வைக்கறேன், பையன் கத்தறான்."

அவள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். பேனரில் இருக்கிற மாதிரியே இருந்தது. பிறகு கத்தியை எடுத்தார். பக்கத்தில் யாரும் இல்லை. கூட்டம் பத்தடி தள்ளி, தன் போக்கில் நின்றது. தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை செருமினார்.

ராஜ்கமல் திரும்பிப் பார்த்தான். "என்னாண்ணா, கேக்கா?"

"ஆமா தம்பி. பொறந்தநாளு."

"யாருக்குண்ணா?"

நிமிர்ந்து பேனரைக் காட்டினால் போதும். கண்ணையன் நிமிர்ந்தார். மேலே ஒரு போன் இருந்தது, அதன் ஓரத்தில் ஒரு கண் இருந்தது. ராஜ்கமலின் கண் அந்தக் கண்ணுக்குப் போகவில்லை. 'எனக்கு' என்று சொன்னால் என்ன நடக்கும் என்று கண்ணையனுக்குத் தெரியும். "ஹாப்பி பர்த்டேண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடியும் மேலே பார்ப்பார்கள்.

"போனுக்குத்தான் தம்பி," என்றார்.

"டேய், போனுக்கு கேக் வெட்றாருடா!"

பத்தடி தூரம் ஒரே நொடியில் இல்லாமல் போனது. இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் எட்டு பேர், தோளில் யாரோ ஒருவருடைய கை. வியர்வையும் சென்ட்டும் கலந்த அந்த நெருக்கத்தில் கண்ணையனுக்கு மூச்சு முட்டியது. இப்படி மூச்சு முட்டி வெகு காலமாகிவிட்டது. பாடினார்கள். பெயர் வரும் இடத்தில் ஆளுக்கொரு மாடல் நம்பரைச் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் கைதட்டினார், கத்தி ஒரு கையில் இருந்ததால் மெதுவாக.

"அண்ணா, கேக்குல என்னமோ எழுதியிருக்குதே. கண்ணையனா? யாரு அது?"

"அது கடைப் பேரு," என்று சொல்லிவிட்டு, முதல் வெட்டை அந்த எழுத்தின்மேலேயே போட்டார்.

கேக் தீர்ந்தது. கூட்டமும் தீர்ந்தது. தட்டுகளை அவரே பொறுக்கினார். ஃப்ரிட்ஜில் வைக்க இந்த வருடம் எதுவும் மிஞ்சவில்லை.

மறுநாள் காலை, ராஜ்கமலின் வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதில் பேனர் இருந்தது, போன் இருந்தது, சிரிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள், கேக் இருந்தது. கண்ணையன் முழங்கை வரைக்கும் இருந்தார். அந்த இடம் வரும்போதெல்லாம் நிறுத்தி, டீக்கடையில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் காட்டினார்.

"இது என் கைதான்."

"தெரியுது," என்றாள் அன்னக்கிளி.

படம் நல்ல தெளிவாக இருந்தது. சட்டையின் கைப் பொத்தானில் விலை அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.